வளவுக்குள்ள புதுசா பூல் கட்டுறீங்களா? தண்ணிய சுத்தமா வெச்சிருக்க எந்த சிஸ்டம் எடுக்கிறது

மட்டக்களப்பிலயும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் வளவுக்குள்ள சின்னதா ஒரு பூல் போடுற ஆசை இப்ப கன பேருக்கு வந்திருக்கு. ரைல்ஸ் நீலமா பச்சையா, லைட் எங்க வாறது, படி எந்தப் பக்கம் எண்டெல்லாம் மாசக்கணக்கா வீட்டுக்குள்ள கதை நடக்கும், ஆனா தண்ணிய எப்பிடி சுத்தமா வெச்சிருக்கப் போறீங்க எண்டு கேட்டா "அது பூல் கட்டுற ஆக்கள் பாத்துப் போடுவாங்க" எண்டுதான் பதில் வரும். அவங்க போடுவாங்கதான், தங்கட கையில என்ன மெசின் இருக்கோ அதைப் பூட்டிட்டு காசையும் எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போயிருவாங்க, மறுகா வருசக்கணக்கா அந்தத் தண்ணியோட மாரடிக்கிறது நீங்கதான். அதால குழி வெட்ட முதலே இதை முடிவெடுங்க, பைப் போட்டு மூடின பிறகு மாத்துறதுல செலவும் கூட, கரைச்சலும் கூட.

நான் பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல் பூல்கள்ல தண்ணி பாத்து, இப்ப வீட்டுப் பூல்களும் பாக்கிற ஆள். ஒரு விசயத்தை முன்னுக்கே சொல்லிர்றன். உப்பு சிஸ்டம், யுவி, ஓசோன், குளிசை, திரவம் எண்டு பேர் எத்தினை இருந்தாலும் வீட்டுப் பூல்ல கடைசியா கிருமியக் கொல்றது குளோரின்தான், அந்தக் குளோரின் எந்த வழியால தண்ணிக்குள்ள வருது எண்டதுல மட்டும்தான் வித்தியாசம். அதால மெசினைப் பத்தி யோசிக்க முதல் வேற ரெண்டு மூண்டு கேள்விக்கு பதில் வேணும்.

முதல் கேள்வி: தினமும் ஆர் பாக்கப்போறாங்க?

இதைத்தான் ஒருத்தரும் யோசிக்கிறல்ல. எங்கட ஊர்ல பூல் இருக்கிற வீடுகள் மூண்டு விதம். ஒண்டு, குடும்பமா அங்கயே இருந்து பின்னேரத்தில பிள்ளைகள் இறங்குற வீடு. ரெண்டாவது, சுவிஸ்லயோ கனடாவிலயோ லண்டன்லயோ இருக்கிற ஆள் கட்டின வீடு, ஆவணி லீவுக்கு வந்து மூண்டு கிழமை இருபது முப்பது பேரா இறங்கி ஆடிட்டுப் போவாங்க, மிச்ச நாள் முழுக்க அம்மாவும் வளவு கூட்டுற ஒரு ஐயாவும்தான். மூண்டாவது, அறுகம்பை பாசிக்குடாப் பக்கம் அறை வாடகைக்கு விடுற வீடு.

முதலாவது வீட்டில எந்த சிஸ்டமும் ஓடும், ஏனெண்டா தண்ணி கலர் மாறினா அண்டைக்கே ஒரு ஆள் கத்தும். ரெண்டாவது வீட்டிலதான் எல்லாக் கூத்தும். பில்ரர் பூட்டின ஆள் ஒரு தரம் காட்டிட்டுப் போனதை வளவு பாக்கிற ஐயா எப்பிடி ஞாபகம் வெச்சிருப்பார், அவர் மோட்டர் போட்டா கரண்ட் பில் கூடும் எண்டு பயந்து போடாமலே விட்டிருவார், ரெண்டு கிழமையில பச்சை, ஒரு மாசத்தில தவளை. அதோட நிண்டா பரவாயில்ல. தேங்கி நிக்கிற தண்ணி எண்டா நுளம்பு முட்டை போடும், டெங்கு எங்கட மாவட்டங்களுக்கு புதுசில்ல, 2007ம் ஆண்டு வந்த நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கேஸ் போட ஏலும், வீட்டுக்காரர் சூரிச்ல இருக்கார் எண்டு சொல்லி தப்ப ஏலாது. இப்பிடி ஆக்கள் இல்லாத வீடு எண்டா தன்பாட்டில ஓடுற சிஸ்டமும், மாசக் காசுக்கு வந்து பாக்கிற ஒரு ஆளும் ரெண்டும் வேணும். ஒண்டு மட்டும் காணாது.

வாடகைக்கு விடுறவங்க உங்கட பிரதேச சபையிலயும் பி.எச்.ஐட்டயும் முதல்ல கதைச்சுக்கொள்ளுங்க, நான் இதுக்குள்ள வீட்டுப் பூலைப் பத்தி மட்டும்தான் சொல்றன்.

ரெண்டாவது: எவ்வளவு தண்ணி, எங்கத்தைத் தண்ணி

நீளம், அகலம், சராசரி ஆழம் மூண்டையும் மீற்றர்ல பெருக்கி ஆயிரத்தால பெருக்குங்க, லீற்றர் வரும். 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழம் எண்டா 44,800, நாங்க 45,000 லீற்றர் எண்டு வெச்சுக்கொள்ளுவம். இந்த நம்பரை மோட்டர் ரூம் சுவர்ல பெயின்ரால எழுதி வையுங்க, இனிமே எல்லாக் கணக்கும் இதிலருந்துதான். அடிக்கடி பிபிஎம் எண்டு ஒரு அளவு வரும், பயப்பிட வேணாம், 1000 லீற்றர் தண்ணிக்கு 1 கிராம் போட்டா அது 1 பிபிஎம், அவ்வளவுதான்.

தண்ணி வாற இடம் முக்கியம். மட்டக்களப்பு டவுன் பக்கம் பைப்பால வாறது உன்னிச்சைக் குளத்துத் தண்ணி, வாட்டர் போர்ட் சுத்தப்படுத்தி அனுப்புறது, பூலுக்கு அது கரைச்சல் குறைஞ்ச தண்ணி. ஆனா 45,000 லீற்றரை பைப்பால நிரப்பினா பில் எப்பிடி வரும் எண்டு உங்களுக்கே தெரியும், அதால பாதிப் பேர் கிணத்திலருந்துதான் இறைப்பாங்க. கிணத்துத் தண்ணி எண்டா நிரப்ப முதல் ஒரு போத்தல் எடுத்து நாலு விசயம் பாருங்க: கடினம் (தண்ணியில கரைஞ்சிருக்கிற கல்சியம் மாதிரிச் சாமான்), இரும்பு, உப்பு, பி.எச் (தண்ணி அசிட் பக்கமா காரப் பக்கமா எண்ட அளவு). கல்லடி, நாவற்குடா, காரைதீவு மாதிரி கடலுக்கும் வாவிக்கும் கிட்ட உள்ள மணல் நிலத்தில கோடையில கிணறு உவர்க்கும், அந்தத் தண்ணியில ஏற்கனவே எவ்வளவு உப்பு இருக்கு எண்டு தெரியாம உப்பு சிஸ்டத்துக்கு மூட்டைக் கணக்குப் பாத்துக் கொட்டக்கூடாது. இரும்பு இருக்கிற தண்ணி இறைக்கும்போது கண்ணாடி மாதிரித்தான் இருக்கும், குளோரின் பட்ட உடன பழுப்பாகி புது ரைல்ஸ்ல கறை பிடிக்கும், அப்ப மருந்துக் கடைக்காரனைத் திட்டி பிரயோசனம் இல்ல. வாட்டர் போர்ட் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் பாதிப் பாதியா கலந்து நிரப்புறது எங்கட பக்கம் நல்ல வழி.

குளோரின் எப்பிடி வேலை செய்யிது எண்டு கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்க

இதை விளங்காமப் போய் மெசின் வாங்கினா கடைக்காரன் சொல்றதுதான் வேதம். பூல் தண்ணியில எப்பவும் கொஞ்சம் குளோரின் மிச்சமா நிக்கணும், ஒரு பிள்ளை இறங்கின உடன அதிட உடம்பிலருந்து வாற கிருமிய அதே நிமிசத்தில கொல்றதுக்கு. தண்ணியில 1 பிபிஎம் குளோரின் இருந்தா ஈ.கோலை மாதிரி கிருமி ஒரு நிமிசத்துக்குள்ள சாகும், ஹெபடைடிஸ் ஏ வைரசுக்கு கால் மணித்தியாலம் போல, ஜியார்டியா எண்ட வயித்துக் கிருமிக்கு முக்கால் மணித்தியாலம். கிரிப்டோ எண்டு ஒண்டு இருக்கு, வயித்தோட்டத்தைக் கொண்டுவாறது, அது பத்து நாளைக்கு மேலயும் தாங்கும், அதுக்கு மருந்தை விட வயித்தோட்டம் உள்ள பிள்ளைய இறக்காம விடுறதுதான் வழி, சுகமாகி ரெண்டு கிழமை போன பிறகு இறங்கட்டும்.

குளோரினுக்கு எதிரி ரெண்டு. ஒண்டு வெயில். மறைப்பில்லாத குளோரினை எங்கட வெயில் ரெண்டு மணித்தியாலத்தில பெரும்பகுதிய திண்டு முடிச்சிரும். அதுக்குத்தான் சயனூரிக் அசிட், கடையில ஸ்டெபிலைசர் எண்டு கேக்கணும், குளோரினை வெயில்லருந்து பிடிச்சு வெச்சிருக்கும். 30 தொடக்கம் 50 பிபிஎம் இருந்தாக் காணும். 45,000 லீற்றர் பூலுக்கு 30 பிபிஎம் வாறதுக்கு 1.35 கிலோ, பழைய சொக்ஸ் ஒண்டுக்குள்ள போட்டு தண்ணி திரும்பி வாற வாய்க்கு முன்னால கட்டித் தொங்க விட்டா ஒரு கிழமைக்குள்ள கரைஞ்சிரும். ஆனா இது கூடினா குளோரினைப் பிடிச்சுக்கொண்டு வேலை செய்ய விடாது, 100க்கு மேல போனா குளோரின் போட்டும் பாசி பிடிக்கும். அதைக் குறைக்க மருந்தில்ல, தண்ணிய இறக்கி புதுத் தண்ணி விடுறதுதான். இந்த விசயத்தை ஞாபகம் வையுங்க, கீழ குளிசைக்கு வரக்குள்ள தேவைப்படும்.

ரெண்டாவது எதிரி பி.எச். 7.2ல நிண்டா போட்ட குளோரின்ல மூண்டில ரெண்டு பங்கு உசாரா வேலை செய்யும், 7.5ல பாதி, 8க்குப் போனா நாலில ஒரு பங்குதான். கண் எரியிது, குளோரின் மணக்குது எண்டு சொல்லுவாங்க பாருங்க, அது கனக்கப் போட்டதால இல்ல, போட்டது காணாம வியர்வை, மூத்திரத்தோட சேந்து கெட்டுப்போன குளோரின் மணம். ஹோட்டல்ல அந்த மணம் வந்தா "நல்லா மருந்து போட்டிருக்காங்க" எண்டு சந்தோசமா இறங்குற ஆக்கள் இருக்காங்க, என்ன செய்யிற.

இப்ப ஒவ்வொரு சிஸ்டமாப் பாப்பம். கணக்குக்கு ஒண்டு சொல்லி வைக்கிறன், ஸ்டெபிலைசர் போட்ட பூல் எங்கட வெயிலுக்கு ஒரு நாளைக்கு 3 பிபிஎம் அளவு குளோரினைத் திங்கும் எண்டு வெச்சா, 45,000 லீற்றருக்கு சுத்தக் குளோரின் 135 கிராம் வேணும். ஆக்கள் கூடினா இன்னும் கூட.

ரிசிஎல் தூள்

வெள்ளத்துக்குப் பிறகு கிணத்துக்குப் போடுவாங்களே அதேதான். வீட்டில கிடக்கு, மலிவு எண்டு பூலுக்குக் கொட்டாதீங்க. அதில குளோரின் மூண்டில ஒரு பங்கு போலதான், மிச்சமெல்லாம் சுண்ணாம்பு, தண்ணி பால் மாதிரி ஆகி பில்ரரையும் அடைக்கும். கிணத்துக்கு நல்லது, பூலுக்கு வேணாம்.

கல்சியம் ஹைப்போ

கடையில 65 அல்லது 70 வீதம் எண்டு போட்ட வாளியில வாறது. ஒரு நாளைக்கு நம்மட கணக்குப் பூலுக்கு 210 கிராம் போல. பொழுது சாயிற நேரம் ஒரு வாளி தண்ணிக்குள்ள தூளைப் போட்டுக் கலக்கி (தண்ணிக்குள்ள தூள், தூளுக்கு மேல தண்ணி இல்ல, தயவுசெய்து) சுத்தி ஊத்தி மோட்டரை ஓட விடுங்க. ஸ்டெபிலைசரைக் கூட்டாது, அதுதான் இதிட பெரிய நன்மை. கூட்டுறது கல்சியத்தை, 10 பிபிஎம் குளோரினுக்கு 7 பிபிஎம் கல்சியம் ஏறும், மாசத்துக்கு 60 பிபிஎம் போல. வாட்டர் போர்ட் தண்ணியால நிரப்பின சீமெந்துப் பூலுக்கு அது பிரச்சினையே இல்ல, கடினமான கிணத்துத் தண்ணிக்கு ஒரு வருசத்தில ரைல்ஸ் ஓரமெல்லாம் வெள்ளைப் படை பிடிக்கும்.

திரவக் குளோரின்

நாளைக்கு ஒண்டரை லீற்றர் போல, 10 வீதத் திரவம் எண்டா. கல்சியமும் ஏறாது ஸ்டெபிலைசரும் ஏறாது, தண்ணிக்கு இதை விட நல்லது இல்ல எண்டுதான் நான் சொல்லுவன். கஸ்டம் என்னெண்டா கான் கானா சுமக்கணும், எங்கட வெக்கைக்கு வெச்சிருந்தா பலம் கெதியா இறங்கும். கொழும்பிலருந்து லொறியில வெயில்ல வந்து கடை வாசல்ல ரெண்டு மாசம் கிடந்த கானை வாங்கினா லேபல்ல 10, உள்ளுக்க அஞ்சு. திகதி பாத்து, நிழல்ல வெச்சிருக்கிற கடையில, மூண்டு கிழமைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்க. வாசம் போட்ட வீட்டு பிளீச் ஆகாது.

குளோரின் குளிசை

200 கிராம் பெரிய வெள்ளைக் குளிசை, ட்ரைகுளோர். எல்லாருக்கும் பிடிச்சது, ஏனெண்டா மிதக்கிற டப்பாக்குள்ள போட்டா ஒரு கிழமைக்கு தன்பாட்டில கரையும். வெளிநாட்டில இருக்கிற தம்பி போன்ல "அண்ணே குளிசை போட்டாக் காணும்" எண்டு சொல்லுவார். ஆனா இந்தக் குளிசைக்குள்ளயே ஸ்டெபிலைசர் இருக்கு. 10 பிபிஎம் குளோரின் குடுக்கக்குள்ள 6 பிபிஎம் ஸ்டெபிலைசரையும் சேத்து விட்டிரும். நாளைக்கு 3 பிபிஎம் எண்டு கணக்குப் போட்டுப் பாருங்க, மாசத்துக்கு 54 பிபிஎம். ரெண்டு மாசத்தில 100 தாண்டும். அப்ப தண்ணி பச்சையாகும், இன்னும் ரெண்டு குளிசை போடுவீங்க, இன்னும் மோசமாகும், கடைக்காரன் பாசி மருந்து தருவான், அதில செம்பு இருக்கும், ரைல்ஸ்ல கறையும் வெள்ளை முடி உள்ள ஆக்களுக்கு பச்சை முடியும் வரும்.

மற்ற ஊர்ல எண்டா தண்ணிய இறக்கிட்டு புதுசா நிரப்பிருவாங்க. எங்கட ஊர்ல அதிலயும் ஒரு சிக்கல். மாரியில நிலத்தடித் தண்ணி மேல வந்து கிணத்தில கையால அள்ளுற மட்டத்துக்கு நிக்கும், அந்த நேரம் பூலை வெறுமையாக்கினா கீழருந்து தண்ணி தள்ளி அடித்தளம் வெடிக்கலாம், பைபர் பூல் எண்டா அப்பிடியே கிளம்பி வரும். தண்ணி இறக்கிறது எண்டா கோடையில, அதுவும் மூண்டில ஒரு பங்கு, நிரப்பிட்டு மறுகா அடுத்த பங்கு. அதால குளிசைய தினச் சாப்பாடா வைக்காதீங்க, ஒரு கிழமை கதிர்காமம் போறீங்க, கொழும்பு போறீங்க எண்டா அந்தக் கிழமைக்கு மட்டும் டப்பாவில போட்டுட்டுப் போங்க. இன்னொண்டு, குளிசை நல்ல அசிட், ஸ்கிம்மர் (பூல் ஓரத்தில மிதக்கிற குப்பைய இழுக்கிற வாய்) கூடைக்குள்ள போட்டா மோட்டர் நிண்ட நேரம் அந்த அசிட் தண்ணி பைப்புக்குள்ள ஊறி மோட்டரைத் திண்டிரும்.

உப்பு சிஸ்டம்

இதைப் பத்தித்தான் கனக்கக் கேக்கிறாங்க. தண்ணியில 3,000 தொடக்கம் 3,500 பிபிஎம் உப்பு போட்டு, பைப்ல பூட்டின ஒரு செல்லுக்குள்ளால தண்ணி போகக்குள்ள கரண்ட் உப்பைப் பிரிச்சு குளோரின் ஆக்கும், அது வேலை செஞ்சிட்டு திரும்ப உப்பாகிரும், அதால உப்பு கனகாலம் நிக்கும். 45,000 லீற்றருக்கு 145 கிலோ போல, 50 கிலோ மூட்டை மூண்டு. கடல் 35,000 பிபிஎம், ஆக இது கடல்ல பத்தில ஒரு பங்குதான், வாயில உவர்ப்பு பெரிசா தெரியாது. கடல்தான் பக்கத்தில இருக்கே அதையே மோட்டர் போட்டு இறைச்சா என்ன எண்டு கேக்கிறவங்களும் இருக்காங்க, வேணாம், சாதாரண வீட்டு செல் அந்த உப்புக்கு செஞ்சதில்ல.

நல்லது என்னெண்டா தினமும் ஒரு ஆள் மருந்து ஊத்தத் தேவையில்ல, குளோரின் கொஞ்சம் கொஞ்சமா ஒரே அளவா வரும், தண்ணி தோலுக்கு இதமா இருக்கும். கெட்டது கொஞ்சம் கூட. ஒண்டு, பி.எச் ஏறிக்கொண்டே போகும், கிழமையில ஒண்டு ரெண்டு தரம் அசிட் ஊத்தணும், "உப்பு போட்டா மருந்தே தேவையில்ல" எண்டு சொல்ற ஆள் உங்களுக்கு விக்கப் பாக்கிறார். ரெண்டு, செல் தேயிற சாமான், நல்லாப் பாத்தா அஞ்சு வருசம் போல, மெசின் விலையில பெரிய பங்கு அந்த செல்தான், அதால வாங்க முதல் "இந்த செல் இலங்கையில மாத்த ஏலுமா, இப்ப என்ன விலை" எண்டு எழுத்தில கேளுங்க. தம்பி கொண்டெய்னர்ல அனுப்பின மெசினுக்கு ஏஜென்ட் இஞ்ச இல்லாம பெட்டியோட தொங்குறதை ரெண்டு மூண்டு வீட்டில பாத்திருக்கிறன். மூண்டு, கடினத் தண்ணியில செல் தகட்டில வெள்ளையாப் பிடிக்கும், அசிட் ஒரு பங்கை தண்ணி அஞ்சு பங்குக்குள்ள ஊத்தி அதில ஊற வெச்சுக் கழுவணும், கம்பியால சுரண்டினா மேல பூசியிருக்கிற பூச்சு போயிரும், செல் முடிஞ்சுது. நாலு, ஏணி, கைபிடி, லைட் எல்லாம் நல்ல ஸ்டீலா இருக்கணும், கடல்காத்திலயே கேட் துருப்பிடிக்கிற ஊர் இது.

செல்லிட அளவு பாக்கிறது இப்பிடி. 135 கிராம் வேணும் எண்டம், மணித்தியாலத்துக்கு 20 கிராம் தாற செல் 8 மணித்தியாலம் ஓடினா 160 கிராம். கடைக்காரன் "50,000 லீற்றருக்கு காணும்" எண்டு காட்டுற சின்ன செல்லை எடுத்தா அது நாள் முழுக்க நூறு வீதத்தில ஓடி கெதியா சாகும், உங்கட பூலிட ஒண்டரை, ரெண்டு மடங்குக்கு சொல்ற செல்லை எடுங்க. ஸ்டெபிலைசர் இதுக்கு கொஞ்சம் கூட, 60 தொடக்கம் 80. உப்பு அயடின் போடாத சுத்தமான உப்பா இருக்கணும், சந்தையில வாற கட்டியுப்பில மண்ணும் வேற கசடும் இருக்கும். 2025ல உப்புத் தட்டுப்பாடு வந்து கறிக்கே உப்பில்லாம வெளிநாட்டிலருந்து இறக்கினதை மறந்திருக்க மாட்டீங்க, ஒரு மூட்டை கையில இருக்கட்டும்.

கரண்ட் இல்லாட்டி இந்த சிஸ்டம் வெறும் பெட்டி. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட் பண்ணின நேரம் வந்தது, அப்பிடி ஒண்டு வந்தா கையால போட ஒரு கான் திரவக் குளோரினாவது வீட்டில வேணும்.

யுவி, ஓசோன், செம்பு-வெள்ளி மெசின்

யுவி எண்ட ஊதாக்கதிர் லைட்டும் ஓசோன் வாயுவும் நல்ல சாமான்தான், கிரிப்டோ மாதிரி குளோரினுக்கு அசையாததையும் கொல்லும். ஆனா பைப்புக்குள்ளால போற தண்ணிய மட்டும்தான் சுத்தம் பண்ணும், பூலுக்குள்ள ஒண்டும் மிச்சம் நிக்காது, அதால குளோரின் போட்டுத்தான் ஆகணும். வாடகைக்கு விடுற ஆள் எண்டா யோசிக்கலாம், சாதாரண வீட்டுக்கு அந்தக் காசுக்கு நல்ல பில்ரர் வாங்குங்க. செம்பு வெள்ளி மெசினை "கெமிக்கல் இல்லாத பூல்" எண்டு விக்கிறாங்க, மெல்லமாத்தான் கொல்லும், கறை பிடிக்கும், அதுக்கும் குளோரின் தேவை, நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். புரோமின் (குளோரினுக்குப் பதிலாப் போடுற மருந்து) வெந்நீர்த் தொட்டிக்கு சரி, வெயில்ல நிக்கிற பூலுக்கு சரிவராது, அதை வெயில்லருந்து காப்பாத்த ஸ்டெபிலைசரால ஏலாது.

கரண்ட் பில்லையும் சேத்துப் பாருங்க

எந்த சிஸ்டம் எண்டாலும் மோட்டர் ஓடணும், ஒரு நாளைக்கு பூல் தண்ணி முழுக்க ஒரு தரமாவது பில்ரருக்குள்ளால போய் வர 8 மணித்தியாலம் போல. 1 எச்பி மோட்டர் மணித்தியாலத்துக்கு ஒரு யூனிட் போல இழுக்கும், மாசத்துக்கு 240 யூனிட். வீட்டுக் கட்டணத்தில 180 யூனிட்டுக்கு மேலதான் ஆகக்கூடின விலை, அதாவது பூல் மோட்டர் மட்டுமே உங்களை அங்க கொண்டு போய் விட்டிரும். வேகம் குறைச்சு ஓடுற மோட்டர் விலை கூட, ஆனா யூனிட் நல்லாக் குறையும். கூரையில சோலார் இருக்கிற வீடு எண்டா பகல்லயே ஓட விடுங்க. உப்பு செல் தான் எடுக்கிற கரண்ட் மோட்டரோட பாக்கக்குள்ள சின்னது.

அப்ப எதை எடுக்கிறது

குடும்பமா இருக்கிற வீடு, முதல் பூல் எண்டா: முதல் வருசம் திரவம், அது கிடைக்காத இடத்தில கல்சியம் ஹைப்போ, கையால. ஒரு வருசம் கையால போட்டாத்தான் உங்கட தண்ணி எவ்வளவு திங்குது, எந்த மாசம் கூட, கச்சான் அடிக்கிற ஆனி ஆடியில என்ன நடக்குது எண்டெல்லாம் கைக்கு வரும். ஆனா பைப் போடக்குள்ளயே பில்ரருக்குப் பிறகு ஒரு மீற்றர் நேர் பைப்பும் பக்கத்தில ஒரு கரண்ட் பொயின்ரும் விடச் சொல்லுங்க, பிறகு உப்பு செல் பூட்ட சுவர் உடைக்கத் தேவையில்ல. ஆக்கள் இல்லாத வீட்டுக்கு: உப்பு, செல் இலங்கையில கிடைக்கிற மெசின், கிழமைக்கு ஒருக்கா வந்து அளக்கிற ஆள், வெயிலை மறைக்க மூடி. கிணறு உவர்க்கிற, கடினத் தண்ணி இடத்தில: உப்பு எடுக்க முதல் ரெண்டு தரம் யோசியுங்க, திரவம்தான் நல்லம்.

அளக்கிற சாமான் இல்லாம எதுவும் இல்ல

மெசின் வாங்க முதல் ரெஸ்ட் கிட் வாங்குங்க. மஞ்சளா கலர் காட்டுற மலிவுக் கிட் மொத்தக் குளோரினைத்தான் காட்டும், நல்லதையும் கெட்டதையும் பிரிக்காது. டிபிடி எண்டு போட்ட, ரோசாக் கலர் வாற கிட் எடுங்க. அதில ஒரு விசயம், குளோரின் அளவுக்கு மேல கூடிட்டா அந்த ரோசாக் கலர் வெளுத்துப் போகும், குளோரினே இல்ல எண்டு நினைச்சு இன்னும் ஊத்துவாங்க. சந்தேகம் எண்டா அதே தண்ணியில பாதி, கிணத்துத் தண்ணி பாதி கலந்து திரும்பப் பாருங்க. கடதாசிப் பட்டி எங்கட ஈரக்காத்துக்கு மூடி திறந்து ஒரு மாசத்தில சரியில்லாமப் போகும். குளோரின், பி.எச் கிழமைக்கு மூண்டு தரமாவது, ஸ்டெபிலைசர் மாசத்துக்கு ஒருக்கா. குளோரின் 3, 4ல நிக்கட்டும், உப்புப் பூல்ல அதை விட கொஞ்சம் கூட, பி.எச் 7.2 தொடக்கம் 7.6. காரத்தன்மை (பி.எச் ஆடாம பிடிச்சு வெச்சிருக்கிறது) 80 பிபிஎம்முக்குக் கீழ இறங்கினா அப்பச்சோடா, நம்மட பூலுக்கு 750 கிராம் போட்டா 10 பிபிஎம் ஏறும், பேக்கரிக்கு விக்கிற கடையில மொத்தமா எடுங்க.

மருந்து வைக்கிற இடம்

இதில விளையாட்டு இல்ல. ட்ரைகுளோர் குளிசையும் கல்சியம் ஹைப்போவும் ஒண்டோட ஒண்டு பட்டா நெருப்புப் பிடிக்கும், வெடிக்கும், அளக்கிற கோப்பை கூட வேற வேறயா இருக்கணும். குளோரினும் அசிட்டும் சேந்தா வாற வாயு ஆளைக் கொல்லும். ரெண்டையும் ஒரே றாக்கையில மேல கீழ வைக்காதீங்க, மோட்டர் சைக்கிள், பெற்றோல், மண்ணெண்ணெய், உரம் இருக்கிற கொட்டிலுக்குள்ளயும் வேணாம். நிலத்திலயும் வேணாம், 2011 தை மாச வெள்ளம் மாதிரி ஒண்டு வந்தா முதல்ல நனையிறது அதுதான். காத்தோட்டமான இடம், உயரமான றாக்கை, பூட்டு.

முதல் மாசமும் முதல் மாரியும்

சீமெந்துப் பூச்சு பூல் எண்டா நிரப்பி முதல் ஒரு மாசம் உப்பு போடக்கூடாது, பூச்சு இறுகணும், அந்த மாசம் எல்லாரும் கையாலதான். அந்த நாட்கள்ல பி.எச் ஏறிக்கொண்டே இருக்கும், தினமும் பாத்து கொஞ்சம் கொஞ்சமா அசிட் விடுங்க, அசிட்டை எப்பவும் தண்ணிக்குள்ள ஊத்துங்க, மோட்டர் ஓடிக்கொண்டிருக்கக்குள்ள, கண்ணாடி போட்டு.

பில்ரர் கழுவி வாற தண்ணி, வழியிற தண்ணி எங்க போகுது எண்டு பைப் போடக்குள்ளயே பாருங்க. குடிக்கிற கிணத்துக்குக் கிட்ட விடாதீங்க, மணல் நிலத்தில அது ராவோட ராவா கிணத்துக்குள்ள வந்திரும். உப்புத் தண்ணிய தென்னை கொஞ்சம் தாங்கும், மிளகாயும் கத்தரியும் தாங்காது.

ஐப்பசியிலருந்து தை வரைக்கும் எங்கட பக்கம் ஒரு மீற்றருக்குக் கிட்டவா மழை பெய்யும், பூலுக்குள்ளயும் அவ்வளவும்தான் விழும், 1.4 மீற்றர் ஆழப் பூல்ல அது வழிஞ்சு போகக்குள்ள உப்பிலயும் ஸ்டெபிலைசர்லயும் பாதி வரைக்கும் கொண்டு போகலாம். குளிசை போட்டு ஸ்டெபிலைசர் கூடினவங்களுக்கு அது நல்ல காலம், உப்புக்காரருக்கு மெசின் "உப்புக் குறைவு" எண்டு கத்தத் தொடங்கும். உடன மூட்டைய உடைக்காதீங்க. மழை விடுற வரைக்கும் திரவத்தை கையால போட்டுக்கொண்டு, தை கடைசியில அளந்து பாத்துட்டு எவ்வளவு குறைவோ அவ்வளவு போடுங்க. நடு மழையில போட்டா அடுத்த நாளே வான் பாஞ்சு பக்கத்து வளவுக்குப் போயிரும், அவங்கட கத்தரிக்கண்டு பட்டுப்போனா சண்டைக்கும் வருவாங்க.